பேய் சொன்ன பேர்

நான் கோர்ட்டில் வேலை பார்த்தவன். சினிமா கோர்ட்டில்.

வெள்ளைக் கோட்டு, தோளிலிருந்து குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, தலையில் பாகை. டவாலி வேஷம். ஜட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். கூண்டில் யார் அழுதாலும் முகம் அசையக்கூடாது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. வீட்டிலும் நான் அப்படித்தான் நிற்பேன்.

படிப்பு அஞ்சாவதோடு சரி. உயரம் இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியாது. துணை நடிகர் ஏஜெண்ட் அதைப் பார்த்துத்தான் எடுத்தார். "இவன் மூஞ்சி கவர்மெண்டு மூஞ்சிப்பா" என்றார். எழுபதுகளில் கோடம்பாக்கத்தில் எடுத்த படம் எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் கோர்ட்டுக்கு வந்துவிடும். அதனால் வேலைக்குக் குறைவில்லை. எத்தனையோ பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். தண்டனை கிடைத்தவர்கள் எல்லாம் உடனே டீ குடிக்கப் போவார்கள்.

டவாலிக்கு ஒரே வசனம். சாட்சி பேரை மூணு தரம் கூப்பிடவேண்டும். அதையும் டப்பிங்கில் வேறு ஆள் பேசிவிடுவார். என் குரலில் கனம் இல்லை என்றார்கள். ஆக, திரையில் என் வாய் அசையும், குரல் வேறு யாருடையதோ. எனக்கு அதிலும் வருத்தம் இல்லை.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில். ஒரு பெரிய வாசல், உள்ளே நாலைந்து போர்ஷன், நடுவில் ஒரு கிணறு. முன்கட்டில் வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்த வீட்டை வாங்கி அதிக நாள் ஆகவில்லை. கடைசிப் போர்ஷனில் நான், என் அக்கா, என் பெண்டாட்டி.

அக்கா என்னை வளர்த்தவள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, காலையில் வாசலில் இட்லி விற்று என்னை ஆளாக்கினாள். வீடு அவள் கையில். மிளகாய் டப்பாவிலிருந்து என் சட்டைப் பொத்தான் வரை அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி நங்கநல்லூரிலிருந்து வந்தவள். அப்போது அது ஊருக்கு வெளியே. நல்லது கெட்டதுக்கு மட்டும் அம்மா வீட்டுக்கு அனுப்புவாள் அக்கா. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதுவும் என் பெண்டாட்டி கணக்கிலேயே ஏறியது. வீட்டில் அவள் பேசி நான் கேட்டது குறைவு. நானும் பேசாதவன். அதனால் அக்காவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசவேண்டியிருந்தது.

பேர் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. பெண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். ரேஷன் கடையில் கார்டை வாங்கிக்கொண்டு "புருஷன் பேரு சொல்லும்மா" என்று கேட்பார்கள். என் பெண்டாட்டி, "மலை மேல நிக்கறவரு பேரு" என்பாள்.

"எந்த மலை? திருப்பதியா?"

"அது இல்லீங்க. கோமணம் கட்னவரு."

வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு சாமி பேரைச் சொல்வார்கள். சரியானது வந்ததும் தலையை ஆட்டுவாள். கார்டில்தான் பேர் எழுதியிருக்கிறதே, எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

ஒரு ஆடி மாதம் அவளுக்குப் பேய் பிடித்தது.

வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். ஷூட்டிங் இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன். அவள் கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். தலை மெல்ல ஆடியது. அக்கா உள்ளிருந்து, "நெலப்படில இன்னா உக்காந்துகினு கீற, எந்திரி" என்றாள். பெண்டாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி. ஞாயித்துக்கெழம மீன் தலைய யாருடி தின்னது?"

அக்காவை யாரும் 'டீ' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா கையிலிருந்த அகல் எண்ணெயோடு கீழே விழுந்தது. மீன் தலை வழக்கமாக எனக்குத்தான் வரும்.

யார் நீ என்று பக்கத்து போர்ஷன்காரர்கள் கேட்டார்கள். முன்னே இந்தப் போர்ஷனில் குடியிருந்தவள், கிணற்றில் விழுந்து செத்தேன் என்றது. என்ன வேண்டும் என்றார்கள். மீன் தலை வேண்டும், மல்லிகைப்பூ வேண்டும், அடையாற்றுக் கடற்கரையைப் பார்க்கவேண்டும் என்றது. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்து வழக்கம்போல மாவு ஆட்டினாள். ஒன்றும் ஞாபகம் இல்லை என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும். அக்காவைக் கேட்ட கேள்விகள் வாராவாரம் கூடின. பேய் பழைய விஷயமெல்லாம் ஞாபகம் வைத்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த பட்டுப்புடவை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டது. பொங்கலுக்கு அம்மா வீட்டிலிருந்து வந்த முறுக்கு எங்கே போயிற்று என்று கேட்டது. கிணற்றில் செத்தவளுக்கு எங்கள் வீட்டு முறுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தேன் என்று பதில் வந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே மாதம் நான் வேலை செய்த படமும் பேய்ப் படம்தான்.

அந்தப் படத்தில் கொலை செய்யப்பட்டவளின் ஆவி இன்னொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லும். பேய்ப் படமும் ஓடுகிறது, கோர்ட் படமும் ஓடுகிறது, இரண்டையும் சேர்த்தால் இரண்டு மடங்கு ஓடும் என்பது டைரக்டரின் கணக்கு. ஸ்டுடியோ ஃப்ளோர் முழுக்க கோர்ட் செட் போட்டார்கள். கூண்டுக்கு அடியில் ஊதுபத்திப் புகை விட ஓட்டை வைத்தார்கள்.

கோர்ட் நடைமுறை சொல்ல ஒரு வக்கீல் குமாஸ்தாவை அமர்த்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்காரர். எங்கள் வீட்டுக்காரரின் கடை வழக்குகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நானும் அவரும் ஒரே வேனில் போவோம். நெற்றியில் நாமம், கக்கத்தில் குடை. செட்டில் அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. ஜட்ஜ் சுத்தியலால் தட்டக்கூடாது, நம் கோர்ட்டில் சுத்தியலே கிடையாது என்றார். தட்டாவிட்டால் ஜனங்கள் ஜட்ஜ் என்று நம்பமாட்டார்கள் என்றார் டைரக்டர். சாட்சியிடம் வக்கீல் இப்படிக் கத்தமாட்டார் என்றார். கத்தாவிட்டால் வக்கீலுக்கு எதற்கு ஃபீஸ் என்றார்கள். குமாஸ்தா குடையை ஊன்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் அவருக்கும் வேளை வந்தது. கூண்டில் நிற்பது பெண்ணா பேயா என்று ஜட்ஜுக்கு நிரூபிக்க வேண்டும். எப்படி என்று வசனம் எழுதுகிறவருக்கு ஓடவில்லை. எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தார்கள், சாட்டை வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் பழைய படத்தில் வந்தது. குமாஸ்தா மூலையிலிருந்து யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கூண்டுல ஏறினதும் பொம்மனாட்டி சாட்சிகிட்ட மொதக் கேள்வி ஆத்துக்காரர் பேர் என்னன்னுதான் கேப்போம். ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. எங்காத்துலயும் அப்படித்தான், 'ஏன்னா'ம்பளே ஒழிய பேர் வராது. பேய்க்கு என்ன வெக்கம்? அது பட்டுனு சொல்லிடும்."

வசனகர்த்தா எழுந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து குமாஸ்தாவுக்கும் தனியாக நாற்காலி போட்டார்கள். அவரும் அதற்குப் பிறகு சுத்தியலைப் பற்றிப் பேசவில்லை.

கதைப்படி கதாநாயகி கூண்டில் ஏறுவாள். வக்கீல் புருஷன் பேரைக் கேட்பார். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு பேரைச் சொல்வாள். கோர்ட்டே நடுங்கும். கதாநாயகிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ரிகர்சலில் சிரிப்பு, உறுமல், தலைவிரி கோலம் எல்லாம் பிரமாதமாகச் செய்தார். பேர் சொல்கிற இடத்தில் வாய் நின்றுவிட்டது. விசாரித்தால், படத்தில் புருஷனாக வருகிறவனுக்கு வைத்த பேரும் அவருடைய சொந்தப் புருஷன் பேரும் ஒன்று.

பேரை மாற்றலாம் என்றால் பாதிப் படம் எடுத்தாகிவிட்டது. எல்லாரும் அந்தப் பேரையே கூப்பிட்டிருக்கிறார்கள். டைரக்டர் கெஞ்சினார். "பேயா வேணா நடிக்கறேன் சார். அந்தப் பேர மட்டும் சொல்லச் சொல்லாதீங்க" என்றார் அந்த அம்மா. கடைசியில் வெறுமே உதட்டை அசைத்தார். டப்பிங்கில் வேறு ஒருத்தி சொல்லிக்கொள்வாள் என்று முடிவாயிற்று. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேமராவுக்கு முன்னால் நானும் உதட்டை அசைத்தேன், அந்த அம்மாவும் உதட்டை அசைத்தார். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

வேலை விஷயத்தை நான் வீட்டில் சொல்கிறவன் இல்லை. இதை மட்டும் சொன்னேன். அக்கா கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். பெண்டாட்டி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அன்று செவ்வாயோ புதனோ, பேய் இல்லாத நாள். குமாஸ்தா சொன்னது, அந்த அம்மா மறுத்தது, எல்லாம் சொன்னேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி கேட்டாள்.

"கடைசி வரிக்கும் சொல்லவே இல்லியா அவங்க?"

"இல்ல. ஒதட்ட மட்டும் அசைச்சாங்க."

"பாவம்" என்றாள். ரசம் ஊற்றினாள்.

அதற்குள் வீட்டில் விஷயம் முற்றிவிட்டது. பேய் இருக்கிற வீடு என்று தெரிந்து இரண்டு போர்ஷன்காரர்கள் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. பேய் எங்கள் ஊரில் பனைமரத்தில்தான் இருக்கும், மெட்ராஸ் கிணற்றில் எப்படி இருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். அக்கா வேறு பக்கத்திலிருந்து வந்தாள். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் நடிப்பு என்றாள்.

"இன்னாடா. பொண்டாட்டி என்ன டீ போட்டு கூப்டுறா. நீ செவுரு மாதிரி நின்னுகினு கீற. நீ கூட்டாந்து வுட்ட நடிப்புதான இது? தெனம் நாலு பேய பாக்கற, இது எந்தப் பேயின்னு தெரில உனுக்கு?"

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. நடிகைகள் பேய் ஆடி முடித்து 'கட்' சொன்னதும் கண்ணாடி கேட்பார்கள். என் பெண்டாட்டி தண்ணீர் கேட்டாள். அதை வைத்து என்ன சொல்வது.

அக்கா முடிவு செய்துவிட்டாள். நடிப்பு என்று நாலு பேருக்கு முன்னால் தெரிந்தால், அவளை நங்கநல்லூருக்கு அனுப்பிவிடவேண்டும். திரும்பி அழைப்பது கிடையாது. வயதில் மூத்தவளை வாய்க்கு வந்தபடி பேசியவளை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? பேய் என்று தெரிந்தால் வேறு விஷயம். பேய் பேசியதற்குப் பெண் என்ன செய்வாள்? பூசாரியைக் கூப்பிட்டு ஓட்டவேண்டியதுதான். யாரும் அதில் குறை சொல்ல முடியாது. அக்காவே அதை ஒப்புக்கொண்டாள். ஆக, பேய் என்றால் என் பெண்டாட்டி வீட்டில் இருப்பாள். பெண்தான் என்றால் போகவேண்டும்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை விசாரணை என்றார் வீட்டுக்காரர். குமாஸ்தாவையும் வரச்சொன்னார்.

அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. வீட்டுக்காரர் நாற்காலியில். குமாஸ்தா முக்காலியில், குடையோடு. போர்ஷன்காரர்கள் அவரவர் வாசலில். என் மைத்துனன் நங்கநல்லூரிலிருந்து வந்து சுவரோரம் நின்றான். அக்காதான் ஆள் அனுப்பியிருந்தாள். எங்கள் வாசலில் பெண்டாட்டியின் தகரப்பெட்டி கட்டி வைத்திருந்தது. தெருவில் சைக்கிள் ரிக்‌ஷா காத்திருந்தது. ரிக்‌ஷாக்காரர் உள்ளே வந்து கிணற்று மேடையில் சாய்ந்து நின்றுகொண்டார். சவாரி எப்போது என்று கேட்டார். தீர்ப்பு வந்ததும் என்றார்கள்.

நான் வழக்கமாக நிற்கிற மாதிரி வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்புறம்தான் நிற்கிற இடம் எனக்கே தெரிந்தது. பட்டை மட்டும்தான் இல்லை.

விளக்கு வைத்தார்கள். பெண்டாட்டி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு வந்து கிணற்றுப் பக்கம் உட்கார்ந்தாள். தலை ஆடியது.

கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கவேண்டும் என்றார் வீட்டுக்காரர். கற்பூரத்தைத் தொடமாட்டேன் என்றது பேய். பேய் எப்படிக் கற்பூரத்தைத் தொடும் என்று ஒரு போர்ஷன்காரர் கேட்டார். சத்தியம் இல்லாமல் சாட்சி செல்லாதே என்றார் வீட்டுக்காரர். குமாஸ்தா யோசித்து, பேய் சொல்வதை சாட்சியாக எடுத்துக்கொள்ளவேண்டாம், தகவலாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

வீட்டுக்காரர் கையில் ஒரு துருப்புச்சீட்டு வைத்திருந்தார். "நீ முன்ன இங்க குடியிருந்து கெணத்துல விழுந்து செத்தவதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றது. வீட்டுக்காரர் தெருவைப் பார்த்துக் கைகாட்டினார். ஒரு கீரைக்காரம்மா கூடையோடு உள்ளே வந்தாள். எங்களுக்கு முன்னால் அந்தப் போர்ஷனில் இருந்தவள். இப்போது பெருங்குடியில் கீரை போட்டு விற்கிறாள். தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்திருந்தார்.

"செத்தவ இவதானா, நல்லா பாத்துக்கிடுங்க எல்லாரும்" என்றார் வீட்டுக்காரர்.

கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பெண்டாட்டியைக் கிட்டே போய்ப் பார்த்தாள். "நான் சாவலம்மா. நல்லாத்தான் கீறேன்" என்றாள்.

அக்கா ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். மைத்துனன் தகரப்பெட்டியைத் தூக்கக் குனிந்தான். பெண்டாட்டியின் தலை ஆடுவது ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"நான் உனுக்கும் முன்னாடி இருந்தவடி."

முற்றத்தில் சிரிப்புக் கிளம்பி அடங்கியது. வீட்டுக்காரருக்கு அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாது. வீடு வாங்கியவர், குடியிருந்தவர் கதையை வாங்கவில்லை. குமாஸ்தா குடையைத் தட்டி, "நல்ல பாயிண்ட்" என்றார். தன் கட்சிக்காரர் வீட்டுக்காரர்தான் என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருந்தது. கீரைக்காரம்மா போகவில்லை. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

"இப்படியே போனா இது முடியாதுவே. ஒரே அடியில தீர்க்க வழி சொல்லும்" என்றார் வீட்டுக்காரர்.

குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரே கேள்விதான். ஆத்துக்காரர் பேர் என்ன? பொம்மனாட்டியா இருந்தா சொல்ல மாட்டா. பேயா இருந்தா சொல்லிடும். இத கோர்ட்டே ஒத்துண்டிருக்கு" என்றார்.

எந்தக் கோர்ட் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ரிக்‌ஷாக்காரர்கூட, "அது கரீட்டு" என்றார்.

அக்காவுக்குச் சந்தோஷம். என் பெண்டாட்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பேர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் வராதது முற்றத்தில் எங்கே வரும்? அதுவும் கூடப்பிறந்தவன் நிற்கிறான், தெருவே நிற்கிறது. நடிக்கிறவள் எதை வேண்டுமானாலும் நடிப்பாள், அதை நடிக்கமாட்டாள். சினிமாவில் சம்பளம் வாங்கி நடிக்கிற அம்மாவே அதை நடிக்கவில்லை. அது அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தது எனக்கும் என் பெண்டாட்டிக்கும்தான். இந்தச் சாட்சிக்குக் கேள்வி முன்கூட்டியே தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். டவாலிக்கு அந்த வசனம் கிடையாது.

குமாஸ்தா குனிந்து கேட்டார். "சொல்லு. ஆத்துக்காரர் பேர் என்ன?"

தலை ஆடுவது நின்றது. கிணற்று ராட்டினம் லேசாகக் கிரீச்சிட்டது. அவள் தகரப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு முகத்திலிருந்த முடியை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

பேர் சொன்னாள்.

உறுமவில்லை. கண்ணை உருட்டவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்கிற குரல்தான். என் பேரை அவ்வளவு மெதுவாக யாரும் சொன்னதில்லை. என்னை வளர்த்தவள்கூடக் கத்தித்தான் கூப்பிடுவாள். எனக்கு 'என்ன' என்று பதில் சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். முகம் அசைந்ததா என்று தெரியாது. வீட்டுக்காரர் வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கீரைக்காரம்மா என்னைப் பார்த்து, "ஆயுசு கெட்டியா இருக்கட்டும் நைனா" என்று நெட்டி முறித்தாள்.

"சொல்லிட்டா. பேய்தான்" என்றார் குமாஸ்தா.

அக்காவுக்கும் அது பேய்தான் என்று ஆகிவிட்டது. என்னால் அதை அவள் முகத்தில் பார்க்க முடிந்தது. நடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது நிஜமாகவே பயந்தாள். எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தவள் பெண்ணாக இருக்கமுடியாது. வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தன் வீட்டில் பேய் இருக்கிறது என்று தானே நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்பு வாங்கிக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாளே பூசாரி வந்தார். உடுக்கை அடித்தார், வேப்பிலை அடித்தார். போகிறேன் என்று பேய் சீக்கிரமே ஒத்துக்கொண்டது. அவள் உச்சிமுடியில் கொஞ்சம் அறுத்துக்கொடுத்தார். அதை ஆற்றோரம் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வரவேண்டும். அதே ரிக்‌ஷாக்காரர்தான் வந்தார். நங்கநல்லூர் சவாரி கைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. கோட்டூர்புரம் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு புளியமரம். அதில் ஏற்கெனவே நிறைய ஆணி இருந்தது. மெட்ராஸில் நிறைய வீடுகளில் விசாரணை நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

ஆணி அடித்தேன். நடந்தோம். அவள் எனக்கு முன்னால். எனக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது. நான் எதையும் கேட்கிறவன் இல்லை. கேட்டுவிட்டேன்.

"நேத்து பேரு சொன்னது நீயா, அதுவா?"

அவள் திரும்பவில்லை.

"திரும்பிப் பாக்காம நடங்க" என்றாள்.

அதோடு சரி. மறு வெள்ளிக்கிழமை கூந்தலை இழுத்துப் பின்னிக்கொண்டு விளக்கு வைத்தாள். பேய் வரவில்லை. ஆனால் அக்கா மாறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் தலையைப் பெண்டாட்டி தட்டில் வைத்தாள். பட்டுப்புடவை அவள் பெட்டிக்கே போயிற்று. பொங்கலுக்கு முறுக்கு வந்ததும் பொட்டலம் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தாள். பேய் போய்விட்டதே என்று யாராவது சொன்னால், "போனது வராதுன்னு இன்னா நிச்சயம்?" என்பாள். என் தட்டில் வால் துண்டு விழுந்தது. அடையாற்றுக் கடற்கரைக்கும் ஒருநாள் போய்வந்தோம். அவள் அலையில் கால் நனைத்தாள்.

படம் வந்தது. தி.நகரில் ஒரு தியேட்டரில் மேட்னிக்குப் போனோம். அக்காவும் வந்தாள். கோர்ட் சீன் வந்தபோது நான் திரையில் வாயை அசைத்து யாரோ குரலில் மூணு தரம் கூப்பிட்டேன். கதாநாயகி கூண்டில் ஏறினார். புகை வந்தது. கண்ணை உருட்டி, உதட்டை அசைக்க, உறுமலாகப் பேர் வந்தது. ஜட்ஜ் சுத்தியலால் தட்டினார். தியேட்டரில் இருந்த பெண்கள் எல்லாரும் 'ஐயோ' என்றார்கள். அக்கா என் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பெண்டாட்டி என் காதோரம் குனிந்தாள். "இப்டியா கூப்டுவாங்க?" என்றாள்.

படம் சுமாராக ஓடியது. பத்திரிகையில் இந்தச் சீனை மட்டும், நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்ததாகக் குமாஸ்தா சொன்னார். அவருக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அதற்குப் பிறகு அவள் என் பேரைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இன்னொரு தரம் சொன்னால் ஒன்று, பேய் போகவில்லை என்று ஆகும். இல்லாவிட்டால், அன்றைக்குப் பேய் வரவே இல்லை என்று ஆகும். இரண்டில் எதுவானாலும் தகரப்பெட்டி மறுபடி வாசலுக்கு வரும். ரேஷன் கடையில் பழையபடி மலை மேல் நிற்கிறவர்தான். நான் சில நாள் அவள் பின்னாலேயே வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். "கோமணம் கட்னவரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்ப்பாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. அதை அவள் என்னிடம் கற்றுக்கொண்டாளா, முன்னாலேயே இருந்ததா, தெரியாது.

ஒருநாள் காலை சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு வந்துவிட்டேன். பனகல் பார்க் பக்கம் கம்பெனி வேன் நிற்கும். எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. போலீஸ்காரர்கள், வக்கீல்கள், ஒரு பாதிரியார், பின் சீட்டில் நான். வேன் நகர்ந்தது. அவள் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துத் தூக்கோடு வந்திருக்கிறாள். ரோட்டில் ஓடிவருவது பின் கண்ணாடியில் தெரிந்தது. வாயைத் திறந்தாள். என் பேர் வரப்போகிறது என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க!" என்று கத்தினாள்.

வேனில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் பிரேக் போட்டார்.

நான் இறங்கிப் போனேன்.